கை ஊன்றாமல் எழுவது

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டினால் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. தேறினால் மேலே கேபினில் உட்காரலாம். தேறாவிட்டால் கையில் அட்டையோடு கீழே வெயிலில் நின்று கன்டெய்னர் எண்களைக் குறிக்க வேண்டும். எங்களுக்குச் சாமி, சாத்தான் இரண்டுமே அந்த டாக்டர்தான்.

அதனால் பரிசோதனைக்கு முந்தைய மாதம் ராயபுரம் டீக்கடைகளில் எங்கள் ஆட்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். சர்க்கரை இல்லாத டீ, பஜ்ஜித் தட்டின் மேல் ஒரு ஏக்கப் பார்வை, காலில் பளபளவென்று ஷூ. மீன்பிடித் துறைமுகம் வரை வேர்க்க விறுவிறுக்க நடப்போம். சான்றிதழ் கைக்கு வந்த மதியமே பிரியாணி. ஷூ அடுத்த வருடம் வரை பரணுக்குப் போய்விடும். இந்த விரதத்தை ஒரு வருடம் கூடத் தவறவிடாதவன் நான்.

போன வருடம், நாற்பத்தொன்பதாவது வயதில், அது பலிக்கவில்லை. பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தார். அதுவரை கீழே வேலை. பதினெட்டு வருடம் மேலேயிருந்தே பார்த்தவனுக்கு, மனிதர்கள் இவ்வளவு உயரமாக இருப்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே வீறாப்பாகத் திரிந்தாலும் உள்ளுக்குள் நன்றாகப் பயந்திருந்தேன்.

இருபது வயதில் கொஞ்சம் குத்துச்சண்டை பழகிய தைரியத்தில் திருவொற்றியூரில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். காலையில் என்னைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கு வகுப்பு. நடத்துகிறவள் முப்பது வயதுப் பெண், பல போட்டிகளில் ஆடியவள். நான் நேராகக் குத்து மூட்டையிடம் போய் நின்றேன். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணா, மொதல்ல இதுல குந்துங்க. கை ஊனாம எந்திரிங்க. மூட்டைய அப்பால பாத்துக்கலாம்."

ஏழாவது தடவையிலேயே தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து தடவை எழப் போனேன்.

"போதும்ணா. பேசிகினே பண்ற அளவுக்குப் பண்ணா போதும். நாளிக்கும் வரணும்ல?"

நாளைக்கும் வருவது என்பது எங்கள் விரதத்தில் இல்லாத சமாச்சாரம். மூன்று மாதமும் அதேதான்: நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நடப்பது. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் தடை. மூட்டையை ஒருநாள்கூடத் தொடவில்லை. வெட்கக்கேடு என்று வெளியே மூச்சு விடவில்லை.

மறு பரிசோதனையில் பிரஷர் இறங்கியிருந்தது. "பரவாயில்லையே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

பக்கத்துப் பெஞ்சில் என் ஷிஃப்ட் தோழன் உட்கார்ந்திருந்தான். அன்றுதான் அவனுக்கும் மூன்று மாத அவகாசம் எழுதியிருந்தார்கள். அவன் காதுபட நாற்காலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாக்சிங் சார். டெய்லி மூட்டைய வெளுத்துருவேன்."

டாக்டர் சிரித்தார். தோழன் என்னைப் பார்த்த பார்வையில் பக்தியே தெரிந்தது. நானும் தோளை ஒரு சுற்று உருட்டிக் காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் மாவுக்கட்டோடு வந்தான். மொட்டை மாடியில் கோணிப்பை நிறைய மணலைக் கட்டித் தொங்கவிட்டு, வெறும் கையால் தினமும் குத்தியிருக்கிறான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கிரேனில் எல்லா வேலையும் மணிக்கட்டுக்குத்தான். அவகாசம் முடிந்தபோது கையில் பிடிமானம் வரவில்லை, பிரஷரும் இறங்கவில்லை. அவனை நிரந்தரமாகக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஷிஃப்ட் முடிந்து நான் இறங்கி வரும்போது அட்டையோடு நிற்பது இப்போது அவன்தான். அவனுக்கு என் மேல் துளியும் கோபம் இல்லை.

"தப்பு என்து மாமு," என்றான் ஒருநாள். "நீ எப்டி பண்றன்னு ஒரு தபா வந்து பாத்திருக்கணும்."

வந்திருந்தால் நாற்காலியைத்தான் பார்த்திருப்பான்; அவன் மேலேயே இருந்திருப்பான். அதை இன்னும் நான் அவனிடம் சொல்லவில்லை.