டேப்புக்காரர் சாய்த்த கோடுகள்

நகராட்சியில் எல்லோருக்கும் அவர் டேப்புக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடங்களாகச் சாலை, சாக்கடை, நடைபாதை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தவர். வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போனால் அதைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளப்பார். அதற்குள் கடைக்காரர் பக்கத்துக் கட்டிலை வேறு யாருக்காவது விற்றுவிடுவார். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வில் பின்னால் எடுக்கச் சொன்னார்கள், போய்க் கம்பத்தில் இடித்தார், அன்றோடு அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டார். எங்கே போனாலும் பஸ்தான்.

கடற்கரையில் பொதுப் படகுச் சரிவு ஒன்று இருந்தது. விடுமுறை நாட்களில் ஜனங்கள் காரின் பின்னால் ட்ரெய்லரில் படகை இழுத்து வந்து தண்ணீரில் இறக்குவார்கள். பிறகு காரையும் வெறும் ட்ரெய்லரையும் பக்கத்துச் சரளைத் திடலில் இஷ்டத்துக்கு நிறுத்துவார்கள். சண்டை வராத ஞாயிறே கிடையாது. திடலுக்குத் தார் போட்டுக் கோடு கிழிக்க நகராட்சி முடிவு செய்தது. வேலை டேப்புக்காரருக்கு வந்தது. தலைமை அளவர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், இதை ஒழுங்காக முடித்தால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்லியாயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் அளந்தார். திடலில் ஈ காக்கை இல்லை. காரும் ட்ரெய்லரும் சேர்ந்து நிற்க ஒவ்வோர் இடத்துக்கும் பன்னிரண்டு மீட்டர் நீளம் விட்டார். சாலையிலிருந்து வருகிறவர்கள் சுலபமாகத் திரும்பி நுழையும்படி கோடுகளைச் சாய்த்தார். சந்தைத் திடலுக்கும் அப்படித்தான் செய்திருந்தார்.

திறந்த முதல் ஞாயிறு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்க்கப் போனார். பேக்கரிக்காரம்மா படகோடு வந்தார். கோடுகளைத் தாண்டி நேரே தண்ணீருக்குப் போய்ப் படகை இறக்கிவிட்டு, அதன் பிறகே நிறுத்த இடம் தேடி மேலே ஏறினார். தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிறவருக்கு ஒவ்வோர் இடமும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் எடுத்துப் பார்த்தார். ட்ரெய்லர் கோணிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை குப்பைத் தொட்டியில் மோதியது. பின்னால் நான்கு கார்கள் சரிவு வரைக்கும் நின்றுவிட்டன.

பேக்கரிக்காரம்மா கார்க் கண்ணாடியை இறக்கி, ஓரமாக நின்ற டேப்புக்காரரைப் பார்த்தார். "யாருங்க இப்படிக் கோடு போட்டது? படகை நடு ரோட்லயா இறக்குவோம்?"

அப்போதுதான் டேப்புக்காரருக்கு மண்டையில் உறைத்தது. சந்தைக்கு வருகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறான். இங்கே வருகிறவன் தண்ணீருக்குப் போய்விட்டுத்தான் நிறுத்துகிறான். கார் ஓட்டும் எவனுக்கும் தெரிந்திருக்கும். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை பொறியாளர் அளவுப் புத்தகத்தை நீட்டினார். வேலை முடிந்ததென்று டேப்புக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முந்தின நாள் திடலில் பார்த்ததைப் பொறியாளரிடம் சொன்னார்.

"நீளம் அகலமெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன, போட்டுடுங்க. கோட்டை அடுத்த வருஷம் மாத்திக்கலாம். இப்ப நீங்களே தப்புன்னு எழுதினா தலைமை அளவர் வேலை உங்களுக்கு வராது."

பொறியாளர் கெட்ட மனிதரில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் போட்டிருப்பார்கள். டேப்புக்காரர் பேனாவை வாங்கி எழுதினார்: நீளம், அகலம் சரி. சாய்வு தவறு. தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் ட்ரெய்லர் நுழைய முடியாது. வரைந்தது நான்.

"அக்காகிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்றது?" என்று கேட்டார் மனைவி.

டேப்புக்காரரைவிட ஆறு வருடம் இளையவரான ஒரு பெண் தலைமை அளவரானார். அவருக்கு வந்த முதல் வேலையே அந்தத் திடல்தான். கூட அழைத்துப்போக அவர் கேட்ட ஆள் டேப்புக்காரர்.

"எந்தப் பக்கம் சாயணும்ணே? நீங்களே சொல்லுங்க."

தண்ணீர்ப் பக்கம் நின்று கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பெண் டேப்பைப் பிரித்துக்கொண்டே நடந்தார். டேப்புக்காரர் அதன் முனையைத் தாரில் அழுத்திக்கொண்டு குந்தினார். அளவைப் படிப்பது தலைமை அளவரின் வேலை.