லிஃப்ட் மெக்கானிக்கின் ஐந்தாவது லினக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை குளித்த கையோடு லிஃப்ட் மெக்கானிக் தேடுவது அந்தத் தகரப் பலகையைத்தான். மேல் வரியில் 'வேலை நடக்கிறது', கீழ் வரியில் 'தொடாதே'. லிஃப்ட் கதவில் மாட்டக் கம்பெனி கொடுத்தது. அதை அவர் ஹால் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மாட்டுவார். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய பெட்டி. பலகை ஏறிவிட்டால் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் மூச்சு விடக்கூடாது. யாரும் என்றால் மனைவி ஒருத்திதான்.

அவளுக்காகத்தான் இவ்வளவும். வெளியூரில் இருக்கும் மகள் அனுப்புகிற பேரன் வீடியோக்களால் அவள் போன் நிறைந்து வழிந்தது. புதிதாக ஒன்று வந்தால் பழசு ஒன்றை அழித்தாக வேண்டும். "பல்லு முளைச்சதை அழிக்கவா, குப்புற விழுந்ததை அழிக்கவா, நீங்களே சொல்லுங்க" என்று ஒருநாள் அவள் கேட்டபோது அவருக்குச் சுருக்கென்றது. "ஒண்ணையும் அழிக்காத. வீட்டுலயே ஒரு சர்வர் வெச்சுத் தரேன். எல்லாம் அதுல கெடக்கட்டும்" என்றார்.

சர்வர் ஓட லினக்ஸ் என்கிற அடிப்படை மென்பொருள் போட வேண்டும். அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். லினக்ஸ் ஒன்றுதான் என்றாலும் ஆளாளுக்கு ஒரு விதமாய்க் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். முதலில் உபுண்டு போட்டார். ஒழுங்காகத்தான் ஓடியது. அது கத்துக்குட்டிகள் போடுவது என்று எவனோ இணையத்தில் எழுதியதைப் படித்துவிட்டு அழித்தார். தானே கத்துக்குட்டிதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்தது ஃபெடோரா. அடிக்கடி புதுப் பதிப்பு வருகிறது, யார் பின்னாலேயே ஓடுவது என்று அதையும் தூக்கினார். பிறகு ஆர்ச். சகலத்தையும் நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியாக டெபியன். போட்டார், அதுபாட்டுக்கு ஓடியது. சத்தமில்லை, சண்டையில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

தொழிலில் ஆள் அப்படியில்லை. "எது சார் நல்ல லிஃப்ட்?" என்று குடியிருப்புக்காரர்கள் கேட்டால், "இருக்கறதே ஞாபகம் வராம ஓடுது பாருங்க, அதுதான்" என்பார். ஓடுகிற மோட்டாரில் கை வைக்கிறவனைக் கண்டால் காது கூசத் திட்டுவார்.

போன ஞாயிறு ஐந்தாவதாக ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினார். இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது. அந்த விரலுக்கு 'சரி' தட்டிப் பழக்கம்தான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மறுபடியும் பலகை ஏறிடுச்சா?"

"புதுசா ஒண்ணு. சும்மா பறக்குமாம்."

"பறந்து எங்க போகப் போகுது? அது சரி, உள்ள இருக்கற புள்ள வீடியோவ என்ன பண்ணுவீங்க?"

விரல் அந்தரத்தில் நின்றது. "எதுக்குள்ள?"

"இந்தப் பொட்டிக்குள்ளதான். போன வாரம் பலகையைக் காணோம். சரி, வேலை முடிஞ்சுதுன்னு நம்ம பொண்ணை போன்ல கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் ஏத்திட்டேன். என் போன்ல அழிச்சாச்சு. ஏன், தப்பா?"

"தப்பில்லம்மா" என்றார்.

"மொதமொதல்ல நடந்தான்ல, அதுகூட இதுலதான். பொண்ணுகிட்டயும் இல்லையாம். அவ போன்தான் தண்ணில விழுந்துடுச்சே."

அவர் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார், கரண்ட் உள்ள கம்பியிலிருந்து எடுப்பதுபோல. பென் டிரைவைப் பிடுங்கினார். பெட்டியை அணைத்துப் போட்டு, அது மறுபடி எழும்வரை நின்றபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து அவள் போனுக்கு வந்து பேரன் தத்தக்கா பித்தக்கா என்று நடந்தான். அவள் சிரித்துக்கொண்டே மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மெக்கானிக் தன் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். பலகையின் மேல் வரியை மட்டும் ஒட்டி மறைத்தார். மிச்சமிருந்த ஒற்றை வார்த்தை தன் நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும்படி, பலகையைப் பெட்டியிலேயே மாட்டினார்.