பிறந்த வீட்டுக் கோடி

என் கணவர் கண்ணுசாமி துணியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறவர். மனுஷர்களைத் தொட்டால் பின்னால் கழுவுவார். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்த திலகவதி சொல்கிறேன், நம்பலாம்.

எங்கள் ஊர் அன்னவாசலில் நேரில் பார்த்தால் அவரை 'ஜப்பான் அண்ணன்' என்பார்கள். தலை மறைந்ததும் 'பொணத்துணி' என்பார்கள். இரண்டு பெயரும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான். குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய துணிக் கிடங்கில் அவர் சூப்பர்வைசராக இருந்தார். வெளிநாடுகளில் கழித்துப் போட்ட துணி கப்பலில் பொதி பொதியாக வந்து இறங்கும். பேன்ட் ஒரு குவியல், போர்வை ஒரு குவியல், கிழிசல் ஒரு குவியல் என்று பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். ஜப்பான் பொதியில் மட்டும் எப்போதாவது ஒரு பட்டு அங்கி தலைகாட்டும். கிமோனோ என்று பெயர். அங்கே யாரோ ஒரு கிழவி செத்திருப்பாள், பேத்திமார்கள் அலமாரியோடு அள்ளித் தள்ளியிருப்பார்கள். அதை முதலாளியிடம் கேட்டு வாங்கி இவர் பத்திரப்படுத்திக்கொள்வார். லீவில் ஊருக்கு வரும்போது எனக்கென்று ஒரு சீப்பு வாங்கி வந்ததில்லை. பெட்டி நிறைய ஜப்பான் வரும்.

வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு பைத்தியம் இன்னும் முற்றியது. மாடி அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி போட்டார். அங்கிகளுக்குத் துணையாக, அகல இடுப்புப் பட்டைகள், ஆமை ஓட்டுச் சீப்புகள், மடக்கு விசிறிகள், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய படங்கள் என்று இணையத்தில் தேடித் தேடி வரவழைத்தார். அலமாரிக்குள் வேப்பிலையும் வசம்பும் மாற்றி மாற்றி வைப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு மறுநாள்தான் தெரியும். பட்டில் ஒரு புள்ளி விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை என் அம்மா ஆசையாக ஒரு அங்கியின் கையைத் தடவிப் பார்த்துவிட்டார். "எண்ணெக் கைய வச்சுட்டீங்களே" என்று அவர் போட்ட சத்தத்தில், இலையில் உட்கார இருந்த அம்மா அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் குவியலிலேயே உசத்தியானது ஒரு வெள்ளை அங்கி. கனத்த பட்டு. வெள்ளை மேல் வெள்ளையாகக் கொக்குகள் நெய்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் பறப்பது தெரியும். வெள்ளையாக இருந்ததால் அது ஜப்பானில் யாரோ தாலியறுத்தவள் உடுத்தியது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். நம் ஊர்க்காரர் வேறென்ன நினைப்பார்? பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி, "பாத்துக்கங்க, ஒலகம் பூரா அறுத்தவளுக்கு வெள்ளதான்" என்பார்.

அவருக்கு ஒரே தங்கை, செவந்தி. இலுப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். புருஷன் சவுதியில் சாரம் சரிந்து விழுந்து, பெட்டியில் வந்து சேர்ந்தான். அப்போது செவந்திக்கு இருபத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. அவள் ஊருக்கு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் அறிவுமதி. ஏழெட்டு மாதம் கழித்து அவன் தன் அம்மா அமிர்தவல்லியைக் கூட்டிக்கொண்டு, பழம் வெற்றிலையோடு, முறைப்படி எங்கள் வீட்டுக்கு வந்து செவந்தியைக் கேட்டான். நல்ல பையன். சொந்தச் சனம்தான். செவந்திக்கும் சம்மதம். மாமியார்க்காரியே, "எம்மவன் போயிட்டான், இந்தப் புள்ளயாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். இவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "வருசம் முடியட்டும், சொல்லுறேன்" என்றார். அதையே சம்மதம் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் சனத்தில் புருஷனை இழந்தவளுக்கு வருஷம் முடிகிற அன்று பிறந்த வீடு போய் ஒரு கோடி போட வேண்டும். கோடி என்றால் புதுத் துணி; செத்தவர் மேல் உறவுமுறைக்காரர்கள் போர்த்துவதும், பெண் செத்தால் பிறந்த வீடு கொண்டுவருவதும் இதே கோடிதான். கலர் சேலை போட்டால் துக்கம் கழிந்தது, இனி உன் வாழ்க்கையைப் பார் என்று அர்த்தம். வெள்ளை போட்டால் சாகும்வரை இப்படியே இரு என்று அர்த்தம். வெள்ளை போடுகிற வழக்கமெல்லாம் என் மாமியார் காலத்தோடு ஒழிந்துவிட்டது. நான் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய், மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சேலை எடுத்து வந்து பையில் வைத்தேன்.

அன்று சபை நிறைய சனம். முன்வரிசையில் அமிர்தவல்லியம்மா உட்கார்ந்திருந்தார். கோடி போட்டு முடிந்ததும் நாள் குறிப்பதாகப் பேச்சு. செவந்தியை மணையில் நிறுத்தினார்கள். அவள் கண் முழுக்க அந்தப் பையிலேயே இருந்தது. இவர் பைக்குள் கைவிட்டு எடுத்தார். வந்தது வெள்ளை அங்கி.

"ஏங்க, மஞ்சச் சேல எங்க?" என்று கத்தினேன்.

"பொம்பள சபையில பேசாத" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தங்கையிடம் சொன்னார். "ஜப்பான் பட்டு தாயி. ராச குடும்பத்துல தாலியறுத்தவ உடுத்துனது. எங்கிட்ட இருக்குறதுலயே ஒசந்தத ஒனக்குப் போடுறேன். இதுக்கு மேல ஒரு அண்ணன் என்ன செய்வான்?"

அவள் தோளில் அதைப் போட்டு, தன் கையாலேயே முன்பக்கம் இழுத்து மூடினார். அங்கியின் கைகள் அவள் விரலைத் தாண்டித் தொங்கின. தடித்த ஓரம் தரையில் வட்டமாகக் கிடந்தது. செவந்தி அழவில்லை. அமிர்தவல்லியம்மா தனக்குக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். பாவி மனுஷன், ஆசையாக வளர்த்த தங்கை தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். அன்று அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை.

அடுத்த தையில் அறிவுமதிக்கு மீமிசல் பக்கம் பெண் எடுத்தார்கள். செவந்தி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. இவரும் போய்ப் பார்க்கவில்லை.

பதினாலு வருஷம் இப்படி ஓடியது. இந்த ஆவணியில் திருமயம் பக்கத்திலிருந்து ஹேமா என்று ஒரு பெண் வந்தாள். செட்டியார் வீட்டுப் பெண், சின்ன வயசானாலும் எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆச்சி என்போம்; சென்னையில் ஜப்பான் மொழி படித்தவள். தன் பாட்டன் வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சுவரெல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பூப் போட்ட பீங்கான் ஓடுகளாம். அதற்குப் பொருத்தமாக ஒரு கூடம் முழுக்க இவருடைய சேகரிப்பை வைக்க ஆசைப்பட்டாள்.

"வாசல்ல உங்க பேரப் பொறிச்சு வச்சிருவோம் அண்ணே" என்றாள்.

அதைக் கேட்டதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளெல்லாம் 'பொணத்துணி' என்று பேர் வாங்கியவருக்குச் சுவரில் பெயர். "எடுத்துக்கங்க ஆச்சி, எடுத்துக்கங்க" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினார். ஒரு இடுப்புப் பட்டையைச் சுற்றியிருந்த துணியை உருவிப் போட்டார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். என் சேலை. இத்தனை வருஷம் அதைப் பொட்டலம் கட்ட வைத்திருந்திருக்கிறார். நான் அதை எடுத்து மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஹேமா ஒரு சின்னப் பட்டுப் பை, ஒரு பொன் விசிறி, ஒரு கத்தி உறை, சீப்பு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தாள். "இதெல்லாம் ஒரே செட்டுண்ணே. நடுவுல வைக்க இதுதான் சரி. இதோட ஒரு வெள்ளை அங்கி இருக்கணுமே, அது இல்லாம இது நிக்காது" என்று சொல்லிப் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண். பக்கத்தில் கறுப்பு அங்கியில் ஒரு ஆண்.

"துக்க வீட்டுப் படமா ஆச்சி?" என்று கேட்டார் இவர்.

ஹேமா சிரித்துவிட்டாள். "கல்யாணம்ணே. ஜப்பான்ல வெள்ளதான் பொண்ணுக்கு முகூர்த்த உடுப்பு. கொக்கு நெய்ஞ்சிருந்தா இன்னும் விசேஷம். சேந்து ரொம்ப நாள் வாழணும்னு போடுறது."

நான் மடியிலிருந்த மஞ்சள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவர் போனை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, கல்லிலும் ஈரம் கசிகிறது போல என்று நினைத்தேன். மனுஷன் வாயைத் திறந்தார்.

"அது செவந்திகிட்டல்ல கெடக்கு. வண்டிய எடுங்க ஆச்சி, போயி வாங்கிட்டு வந்துருவோம்."

மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். தனியாக விட்டால் அந்த வீட்டில் இவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

செவந்தி வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. "வா அண்ணே. இங்கிட்டு வர வழி தெரிஞ்சிருச்சா?" என்றாள். எங்களுக்குப் பாய் எடுத்துப் போட்டாள். ஹேமா யாரென்று நான் சொன்னதும், "வாங்க ஆச்சி" என்றாள்.

"அந்த வெள்ள அங்கி வச்சிருக்கியா?" என்று இவர் உட்காருவதற்கு முன்பே கேட்டார். "அது தப்பாக் குடுத்துட்டேன் தாயி. திருப்பிக் குடு. ஒனக்கு நல்லதா வேற எடுத்துத் தாறேன்."

"என்ன தப்பு?"

இவர் ஹேமாவைப் பார்த்தார். விவரம் ஒன்றும் தெரியாத ஹேமா போனை நீட்டி, "அது கல்யாணப் பொண்ணு உடுத்துறதும்மா. அண்ணன் வேற மாதிரி நெனச்சுட்டாங்க போல" என்றாள்.

செவந்தி கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அப்ப அன்னிக்கி நீயே எனக்குக் கல்யாணம் பண்ணிவச்சிட்ட அண்ணே. சபையக் கூட்டி, சம்பந்தகாரம்மாவ முன்னாடி ஒக்கார வச்சு."

"அது கெடக்கட்டும். அங்கிய எடு."

"இல்ல. போன மாசிக்கு முந்துன மாசியில அறிவுமதி செத்துப்போனாக. பஸ்ஸ ஓரங்கட்டி நிறுத்திட்டு ஸ்டியரிங்லயே சாஞ்சுட்டாகளாம். ஆளாளுக்குக் கோடி போட்டாங்க. எனக்கு என்ன மொற இருக்கு? ஒண்ணுமில்ல. வெள்ளத் துணிதான, பொணத்துக்கு ஆகும்னு அதத் தூக்கிக்கிட்டுப் போனேன். அவுக பொண்டாட்டி என்னயப் பாத்துட்டு வெலகி நின்னா. கழுத்துலேருந்து காலு வரைக்கும் போத்திவிட்டேன். அப்பிடியே கொண்டுபோயி எரிச்சுட்டாங்க."

ஹேமாவுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. பெற்ற தாய் செத்தபோது வராத கண்ணீர்.

"எரிச்சுட்டியா? அந்தப் பட்ட எரிச்சுட்டியா? அந்த நெசவு இனி ஒலகத்துல கெடைக்குமாடி? ஒரு மொழமாவது கத்தரிச்சு வச்சிருக்கக் கூடாதா?"

செவந்தி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். படத்தில் விரலை வைத்து, "இந்தக் கறுப்புல நிக்கிறது யாரு ஆச்சி?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளைம்மா" என்றாள் ஹேமா.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் செவந்தி. "அவுகளும் கறுத்துத்தான் போனாக."

நான் மஞ்சள் சேலையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பார்டரைத் தடவிப் பார்த்தாள். எது என்று தெரிந்துவிட்டது. "நல்ல கலரு அண்ணி. நீங்களே கட்டிக்கங்க" என்று திரும்பவும் என் மடியிலேயே வைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, சாதாரணமாக, உப்பு இருக்கா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி வேணாம் அண்ணே. நீ எனக்குப் போட வேண்டியது போட்டாச்சு."

கூடப்பிறந்தவளிடமிருந்து இந்தச் சொல்லை வாங்கினவன் அவள் சாவுக்குத் தெருமுனையில்தான் நிற்க முடியும். எந்த அண்ணனும் இதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து நடக்க மாட்டான். இவர் நடந்தார். காரில் ஏறினதும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஆச்சி, அதே மாதிரி கொக்குப் போட்டது வேற ஒண்ணு ஜப்பான்லேருந்து வரவழைக்க முடியுமா?" என்று கேட்டார்.

ஹேமா ரோட்டைப் பார்த்தே வண்டி ஓட்டினாள். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, காபிக்குக் கூட நிற்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

இவர் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினார். தங்கை வீட்டில் அவர் யாரையும் தொட்டிருக்கவில்லை. கழுவி முடித்து, துடைத்துக்கொண்டு, பரப்பிக் கிடந்த துணிகளை மடித்து வைக்க மாடிக்கு ஏறிப் போனார்.