ஜீப்பு வில்லுக் கட்டில்

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும். முதலில் "சொர்ர்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு மூக்கின் உள்தோலைச் சுரண்டுகிற வாடை வரும், பாத்திரத்தின் வெளிப்புறத்தில் கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எழுபதுகளின் கடைசியில், போடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பழைய அலுமினியச் சட்டி ஒன்றில் இந்த அதிசயத்தை நடத்திவிட்டு, நானும் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மதினியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டி நுரை கக்கியது, கறுத்தது, அடியில் ஓட்டை விழுந்து உள்ளே இருந்ததெல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது.

"ஆத்தீ, சட்டியவே தின்னுருச்சே தம்பி!" என்றார் மதினி. அடுத்த நொடியே சிரித்துக்கொண்டு, "சாரமில்லை" என்றார்.

அது மலையாளச் சொல். பரவாயில்லை என்று பொருள். மதினி பிறந்து வளர்ந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் என்பதால், விரலில் சுத்தியல் விழுந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், அம்மா ஏசினாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். எங்கள் தெருவில் அவருக்கு அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டிருந்தது.

அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைத்துவிடும் என்பது எனக்கு அன்று தெரியாது. பின்னாளில் ரசாயன ஆசிரியராகி, அந்தப் பாடம் வரும்போதெல்லாம் சட்டி ஓட்டையான கதையைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கதையின் மீதியை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

காஸ்டிக் சோடா எதற்கு என்று கேட்பீர்கள். கட்டில் செய்வதற்கு. அண்ணன் கல்யாணத்தின்போது பெண் வீட்டுச் சீரில் கட்டில் வரவில்லை. மதினியின் அப்பா தோட்டத்து "ஸ்டோரில்", அதாவது பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடத்தில், நெருப்புப் பார்க்கிற வேலையில் இருந்தார். அவரால் முடிந்தது, ஸ்டோரில் கழித்துப்போட்ட ஏலக்காய்த் தட்டுகளின் மரச்சட்டங்களை ஒரு ஜீப்பு நிறைய ஏற்றி, "அடுப்புக்கு ஆகும் சம்பந்தி" என்று அனுப்பியதுதான். சிலமலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த எங்கள் வீட்டில் விறகுக்கா பஞ்சம்? லோடு இறங்கியபோது அம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சீருக்குக் கட்டில் வரும்னு பாத்தா வெறகு வருது. நம்ம வீட்ல ஒல வைக்க வழியில்லைன்னு நெனச்சுட்டாக போல" என்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாகக் கொல்லைக்குச் சுமந்தார். பிறகு ஒன்றைத் தூக்கி மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வருடக்கணக்காக ஏலக்காயின் ஆவி குடித்த மரம். உடைத்த காயைப் போலவே மணந்தது.

"இதப் போயி அடுப்புல வைக்கலாமா தம்பி? இதுல படுத்தா எப்பிடி இருக்கும்!"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்த நாட்களிலும் புத்தகத்துக்குள் கட்டிலைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் காலையில் தோட்ட ஆட்களை ஜீப்பில் மெட்டுக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். நாங்கள் கேட்கிற சாமான்களையெல்லாம் வண்டி மூலையில் போட்டுக்கொண்டு வருகிற வேலையும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. பழைய ஜீப்பு ஒன்றுக்குத் துணிக்கூரையை எடுத்துவிட்டுத் தகரக்கூரை போட்டார்கள் என்று, அந்தத் துணியைத் தாங்கிக்கொண்டிருந்த வளைந்த இரும்புக் குழாய்கள் இரண்டை ஒருநாள் கொண்டுவந்து போட்டார். பட்டறையில் அதற்கு "வில்லு" என்று பெயர். "எதுக்காவது ஆகுமாடா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மதினி ஒரு வில்லைச் சுவரோரம் நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். கட்டிலின் தலைமாடு அங்கே நின்றது! இன்னொன்று கால்மாடு. எனக்குக் குதிக்கத் தோன்றியது, குதித்தேன்.

பக்கச் சட்டத்துக்கு உடைந்த ஓட்டுக்கூரையிலிருந்து எடுத்த ஆங்கிள் இரும்பு கிடைத்தது. மூலைகளுக்குத் தேயிலைப் பெட்டிகளின் ஓரத்தில் அடித்திருக்கும் தகரப் பட்டியைப் பிரித்து எடுத்தோம். அதில் மதினியின் கையும் என் கையும் கிழியாத நாளில்லை. தட்டுகளில் இருந்த கம்பிவலையையே மெத்தைக்குப் பதில் இழுத்துக் கட்டிவிடலாம் என்பது என் யோசனை. கட்டிப் பார்த்தோம். அண்ணன் உட்கார்ந்தார்; உட்கார்ந்தவர் தரை வரைக்கும் போய்விட்டார்.

"தூக்கி விடுடா தம்பி! இது கட்டிலா, மீன் பிடிக்கிற வலையா?" என்று அவர் உள்ளே இருந்து கத்த, நாங்கள் இரண்டு பேரும் அவரைத் தூக்காமல் சிரித்துக்கொண்டே நின்றோம். அதன் பிறகுதான் வலையை விட்டுவிட்டு, சட்டங்களைக் குறுக்கே நெருக்கமாகப் பரப்பினோம். மரம் காய்ந்து இறுகியிருந்ததால் ஆணி உள்ளே போகாமல் வளைந்தது. ஒவ்வொரு ஆணியையும் மதினி தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுப்பார். அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஆணி இறங்கும்.

மிச்சம் இருந்தது வில்லுகளின் பெயிண்டு. அதற்காகத்தான் காஸ்டிக் சோடா. சட்டி போன பிறகு அண்ணன் ஒரு தார் டின்னைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அதில் கரைத்து, குச்சியில் சாக்கைச் சுற்றித் தோய்த்துக் குழாயில் தடவினால் பெயிண்டு தோல் தோலாக உரிந்தது. மேலே நீலம், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே பட்டாளத்துப் பச்சை. அதுவும் போய் வெறும் இரும்பு பளிச்சென்று வந்தபோது மதினி, "பாத்தீகளா, வெள்ளிக்கட்டிலு!" என்று கூவினார்.

அந்தக் கொல்லையில் கிணற்றடியில் இன்னொன்றும் இருந்தது. கல்யாணத்துக்கு ஊன்றிய அரசாணிக்கால். கல்யாண முருங்கைக் கொம்பு அது. கல்யாணம் முடிந்ததும் அதைக் கிணற்றடியில் நட்டு, தினமும் காலையில் காபி குடிக்கும் முன்னால் புதுப்பெண் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும். மதினி ஊற்றினார், அதுவும் மும்மூன்று இலையாக விட்டு என் இடுப்பு உயரத்துக்கு நின்றது.

வில்லுகள் வெள்ளையான அன்று, டின்னில் இருந்த கழிவைத் தெருச் சாக்கடையில் கொட்டி நிறையத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு மதினி உலை வைக்க உள்ளே போனார். டின் கனத்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப்பின் ஹாரன். அண்ணனிடம் கேட்டிருந்த போல்ட்டுகள் வந்துவிட்டன! இன்றைக்கே கட்டிலைப் பூட்டிவிடலாம்! எனக்கு இருந்த பரபரப்பில் தெரு வரைக்கும் போகப் பொறுமையில்லை. நின்ற இடத்திலேயே டின்னைச் சாய்த்தேன். அது ஓடிப்போய் அரசாணிக்காலின் பாத்தியில் தேங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் கட்டில் நின்றது. அண்ணன் ஏறிப் படுத்துப் புரண்டு, "கிறீச்சுன்னுகூடச் சொல்லலை!" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து முகர்ந்து பார்த்தார்கள். அப்பா, "இவன் இஞ்சினியராத்தான் போவான்" என்று என் தலையைத் தடவினார். மதினி கதவோரம் நின்று சிரித்தாரே தவிர, தன் பங்கைச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தன் கையால் காபி ஆற்றி மதினியிடம் நீட்டி, "உங்கப்பா அனுப்புனது வெறகு இல்லை போல" என்றார். மதினியின் கண் நிறைந்துவிட்டது. அந்தக் காபிக்காகத்தான் அவர் அத்தனை நாள் கை கிழியக் கிழிய வேலை செய்தார் என்பது எனக்கே அப்போது புரிந்தது.

அடுத்த சில நாட்களில் அரசாணிக்காலின் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. அம்மா பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன் அத்தை."

"ஊத்துனா எப்பிடிப் பட்டுப்போகும்?"

மதினி தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். அவர் ஊரில் அந்த மரத்துக்கு "முரிக்கு" என்று பெயர். மிளகுக்கொடி ஏற்ற எங்கே வேண்டுமானாலும் ஒடித்து ஊன்றுவார்கள். "சாரமில்லை அத்தை. எங்கப்பாகிட்டச் சொல்லி வேற கொம்பு கொண்டாரச் சொல்றேன். வச்சாத் தளுத்துரும்."

அம்மா நிமிர்ந்தார். "தாலி அறுந்தாலும் வேற வாங்கிக் கட்டிக்கிருவியோ?" என்றார்.

அதற்குமேல் அந்த வீட்டில் மதினி எது செய்தாலும் அதன் முன்னால் பட்டுப்போன அந்தக் கொம்பு வந்து நின்றது. தோட்டத்தில் விதை போட வேறொரு கையைத் தேடினார்கள். தெருவில் வளைகாப்புக்கு அழைத்தால் அம்மா மட்டும் போனார். காபி நின்றுபோனது.

ஒருநாள் மதினி பாத்தி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, அன்னைக்கு டின்னுத் தண்ணிய எங்கன ஊத்துனீக?"

"தெருச் சாக்கடையிலதான் மதினி" என்றேன். நாக்குக் குழறவில்லை. கட்டிலைப் பார்க்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா எல்லோரிடமும், "எங்க சின்னவன் செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது நின்றுவிடக்கூடாது என்பது மட்டும்தான் என் நினைப்பு. மதினி சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, "செரி" என்றார்.

அந்த வருடம் ஏலக்காய் பறிப்புக்குத் தன் அப்பாவுக்கு ஒத்தாசையாக மலைக்குப் போன மதினி திரும்பவில்லை. அண்ணன் ஜீப்பில் போய்ப் போய் வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். நல்லது கெட்டதுக்கு வருவார்கள். வந்தால் விருந்தாளிகளைப் போல அன்றைக்கே மெட்டு ஏறிவிடுவார்கள். அம்மா கடைசிக் காலத்தில் அந்த வில்லுக் கட்டிலில்தான் படுத்திருந்தார். அதன் சட்டங்களில் அப்போதும் லேசாக ஏலக்காய் மணந்தது. அதில் படுத்துக்கொண்டே, "கைராசி இல்லாதவ, என் மகனையும் கொண்டுபோயிட்டா" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது.

இப்போது அந்தக் கொல்லை சிமெண்டுத் தரை. கிணற்றை மூடிவிட்டோம். அரசாணிக்கால் நின்ற இடத்தில் என் மகனின் கார் நிற்கிறது. வில்லுகள் பழைய இரும்போடு போய்விட்டன. ஏலக்காய்ச் சட்டங்கள் வீடு இடித்துக் கட்டியபோது கொத்தனார்களின் அடுப்பில் எரிந்தன. அன்று தெரு முழுக்க மணந்தது என்று சொன்னார்கள். நான் ஊரில் இல்லை.

அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. போன மாதம் பஸ்சு ஏறி மெட்டைத் தாண்டி மதினி வீட்டுக்குப் போனேன். வேலியோரம் முரிக்கு மரங்கள் மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு நின்றன. அடுப்படியில் பலகை போட்டு உட்காரச் சொல்லி, தேயிலைக்குத் தண்ணீர் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டின்னைச் சாய்த்தது, பார்த்தது, பொய் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "சாரமில்லை" என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தணலைத் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அத்தை உங்கள என்ன செஞ்சிருப்பாக?"

"அடிச்சிருப்பாக மதினி."

"அம்புட்டுத்தானே" என்றார். கொதிக்கிற தண்ணீரில் தேயிலையைப் போட்டு மூடினார்.