கால் ஒன்று, ஆள் ஒன்பது

அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டையில் பஞ்சாப் எல்லையில் காயம்பட்ட என் மாமா, பூனா ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி, பட்டாளத்தில் கேப்டன். தந்தியில் காலில் காயம் என்றுதான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே காலே இல்லை என்பதை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ரிக்‌ஷாவிலிருந்து கட்டைக்காலை முதலில் கீழே வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு எட்டு வயது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ, நான் அந்தக் காலின் தோல்வார்களை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்களெல்லாம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டார்கள். மாமா சிரித்து மழுப்பிவிடுவார். குமாஸ்தாவாக இருந்த அப்பாதான் அவருக்காகப் பதில் சொன்னார். சந்தைச் சண்டையைத் தவிர வேறெதையும் பார்த்திராத அப்பாவின் வாயில், ஒவ்வொரு காபிக்கும் ஒரு டாங்கி கூடுதலாக எரிந்தது.

தந்தி வந்த அன்றே அம்மா, கால் குணமானால் வெள்ளியில் கால் உரு வாங்கிப் போடுவதாகச் சிதம்பரத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். எந்த உறுப்பு குணமானதோ அதன் உருவை உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணுக்குக் கண், கைக்குக் கை. உடம்பு முழுவதையும் படுத்திய நோய் என்றால் முழு ஆள் உரு. மாமாவைப் பார்த்த பிறகு அம்மா அந்த முடிச்சின் பக்கமே போகவில்லை.

"கால கேட்டன், குடுத்தாளா? இவளுக்கு எதுக்கு நான் கால் செய்யணும்?"

"உசுரு இருக்குதேக்கா. வேண்டிக்கிட்டத வச்சிருக்கக் கூடாது. நீ வரலன்னா போ, நான் போறன்."

அம்மா அசையவில்லை. மாமாவும் விடவில்லை. கடைசியில் துணைக்கு என்னை அனுப்பினாள்.

கோயில் வாசலில் ஓர் அம்மாள் தாம்பாளத்தில் உருக்களைப் பரப்பி வைத்திருந்தாள். மாமா ஒரு காலை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு ஆள் உருக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் உதடு அசைந்தது. ஏதோ வடக்கத்திப் பெயர்கள். ஒன்பது எடுத்ததும் நிறுத்தினார்.

"இதெல்லாம் யாருக்கு மாமா?"

"எம் பசங்களுக்கு. எங்கூட நின்னவங்க."

"அவுங்களுக்கு ஒடம்பு முழுக்க அடிபட்டுச்சா?"

"ம்."

"இப்ப முழுசா நல்லாயிடுச்சா?"

மாமா அந்த அம்மாளிடம் காசை எண்ணிக் கொடுத்தார். "கூட்டத்துல கைய விடாத பாப்பா, வா," என்றார்.

உண்டியல் முன்னே அவர் உருக்களை என்னிடம் கொடுத்துவிட, நான்தான் போட்டேன். முதலில் கால். பிறகு ஆட்கள். ஒண்ணு, ரெண்டு என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டே போட, "எண்ணாதம்மா, மெதுவா போடு," என்றார். பட்டாளத்துக்காரருக்குக் கூட்டத்தில் இவ்வளவு கூச்சமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். மாரியம்மன் மேல் அவளுக்கிருந்த கோபத்தைத் தீர்த்துவைக்க என்னிடம் நல்ல சேதி இருந்தது. "மாமாவுக்குத்தாம்மா சரியா செய்யல. அவுரு கூட இருந்த ஒம்போது பேருக்கும் முழுசா கொணமாக்கிட்டா. முழு ஆளு வாங்கிப் போட்டோம்!"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு வாசற்படியில் நின்ற மாமாவைப் பார்த்தாள்.

"ஒம்போது பேத்துல ஒருத்தங்கூட வூடு திரும்பலயாடா தம்பி?"

மாமா தலையை ஆட்டினார். அம்மா போய் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கால் போனதற்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. மாமா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு அம்மாவின் மேல் கோபமாக வந்தது. தம்பிக்குச் சரியாகவில்லை என்பதற்காக, ஊரான் வீட்டுப் பிள்ளைகள் பிழைத்ததற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா?