ஓதம் ஏறிய பள்ளத்தாக்கு

மலையைப் பார்க்காதவன் மலையைப் பற்றி எழுதக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் எழுதினேன். மீஞ்சூரில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் சாகசக் கதைப் புத்தகங்கள் போட்டு வந்தார். கதை சரியாக வந்தால் அச்சகத்திலேயே வேலை தருவதாகச் சொன்னார். எங்கள் மீனவக் குப்பத்தை விட்டுப் போக எனக்கு இருந்த ஒரே வழி அது.

கதாநாயகன் ஒரு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். இருபுறமும் செங்குத்தான சுவர், அடியில் ஆறு. கடலோடு சேர்ந்த ஏரிக்கரை எங்கள் பழவேற்காடு; அங்கே எல்லாம் தட்டை. கிளிஞ்சல் தோண்டிய குழி ஒன்றில் இறங்கி உட்கார்ந்தேன். கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே வெள்ளைக் கிளிஞ்சல் வரிகள். அந்தச் சுவரை ஆயிரம் அடிக்கு உயர்த்தினேன். ஆறு போகும் வழியை வளைவு வளைவாகப் படம் போட்டேன். வானத்தை ஒரு கோடாகச் சுருக்கினேன். மாட்டிக்கொள்வது எப்படி என்று எவனிடமும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அச்சகக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“பள்ளம் நல்லாத்தான் கீது. இவன் எப்படிபா மேல வரான்?”

“ஓதம் ஏறும்ல. தண்ணியோட மெதந்து வந்துடறான்.”

“மலையில இன்னாபா ஓதம்? ஆத்துத் தண்ணி தெனம் ஏறி எறங்குமா? உங்க ஏரின்னு நெனைச்சியா?”

எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் பார்த்த தண்ணீரெல்லாம் ஏறி இறங்கியது.

“ரெண்டு நாள் இங்கயே குந்தி மாத்திக் குடு.”

மறுநாள் எங்கள் பாடு. இன்ன நாள் இன்ன இடத்தில் இன்ன வீட்டார் வலை கட்டலாம் என்ற முறை அது. நாள் தவறினால் அடுத்த சுற்று வரும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான். நைனாவுக்குக் கை ஒடிந்திருந்தது. வீட்டில் வேறு ஆம்பளை இல்லை.

“பாடு முடிச்சிட்டு வந்துடறேன்.”

“அதுவரைக்கும் மிஷின் நிக்காதுபா.”

எழுதியதை அவரிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நைனா கரையில் நின்றிருந்தார்.

“வந்துட்டாரு மலைக்காரரு,” என்றார்.

மறுநாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் கழி ஊன்றிக்கொண்டே யோசித்தேன். கதாநாயகன் வெளியே வர ஒரு வழியும் அகப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. என் பள்ளத்தாக்கு, என் வளைவுகள், கிளிஞ்சல் வரிகூட அப்படியே. முடிவை மட்டும் வேறு எவனோ எழுதியிருந்தான். கதாநாயகன் ஒரு பாறையில் கயிற்றை வீசி மாட்டி ஏறிப்போய்விடுகிறான்.

கயிறு. பொழுதெல்லாம் கயிற்றோடு கிடந்தவன் நான். வலையைக் கட்டினேன், கழியைக் கட்டினேன், படகைக் கட்டினேன். அதைப் பிடித்து ஏறலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த பாடு வந்தபோதும் படகில் நான்தான் இருந்தேன்.