நட்டு பார்த்த பிறகே கோப்பை

எழுத்து கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் போகிறது. கிளப் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேனர் பிடித்த கைக்கு இந்த வருடம்தான் பேனா வந்தது. ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நான் எழுதும் முதல் காகிதமே நாகராஜண்ணன் சாவைப் பற்றி என்றாக்கிவிட்டாரே, அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. வருகிற ஞாயிறு சீனு நினைவுக் கோப்பைப் பந்தயம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜூஜுவாடி ஒர்க்‌ஷாப்பில் ஒரு பைக்கின் பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு." நட்டை இறுக்கி, இன்னொரு தடவையும் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவசரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்றால் அவருக்குப் பிடிக்காது.

சீனு நம் கிளப்பில் பைக் ஓட்டியவன். பந்தயத்தில் பின்சக்கர நட்டு கழன்று இறந்தான். அவன் பெயரில் கோப்பை வைத்தவர் நாகராஜண்ணன். கூடவே ஒரு சட்டமும் வைத்தார். ஜெயித்த வண்டியின் எல்லா நட்டையும் அவர் தொட்டுப் பார்ப்பார். ஒன்று சுற்றினாலும் கோப்பை இரண்டாவது வண்டிக்கு. விருந்தினர் மாலையோடு வெயிலில் நிற்பார். இவர் தரையில் உட்கார்ந்து நிதானமாகத் தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம் நான் தயார் செய்த வண்டி முதலாவது வந்தது. சைலன்சர் நட்டு கால் சுற்று சுற்றியது.

"ஏண்ணா, சைலன்சர் கழண்டா எவன் சாவப்போறான்?"

"எவனும் சாவமாட்டான்னு எழுதிக் குடு. கோப்பைய எடுத்துக்க."

எனக்கு எழுதத் தெரியாதென்று தெரிந்தேதான் கேட்டார். கைநாட்டு வைக்கிறேன் என்றேன்.

"கைநாட்டு வெச்சவன், அதுல என்ன இருந்துச்சுன்னே தெரியாதும்பான். போப்பா."

கோப்பை இரண்டாவது வந்த ஊத்தங்கரைக்காரனுக்குப் போனது. மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை.

கடைசியில் அவரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "சீனு வண்டியப் பாக்க வேண்டியவன் நான்தான் மாதப்பா. தூரத்துல இருந்தே போடான்னு கை காட்டிட்டேன். சோதனைத் தாள்ல மட்டும் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்." டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிற மனுசனோடு அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

அவருக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, "இனிமே நீ பாரு. ஆனா தாள நீயேதான் எழுதணும்" என்றார். அதற்காகத்தான் இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போனேன். போன மாதம் ஒரு வண்டியைச் சோதித்து, முழுத் தாளும் நானே எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் கட்டிலுக்கே கொண்டுபோனேன். கண்ணாடி மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"தேதி போடலியே" என்று திருப்பிக் கொடுத்தார். வேறு ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

விருந்தினருக்கு நேரமில்லை, இந்த முறை சோதனை வேண்டாம் என்று கமிட்டியில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சோதனையை உங்கள் எல்லோரையும்விட அதிகம் திட்டியவன் நான். அவருடைய ஸ்பேனர் இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் கொஞ்சம் நிற்கட்டும். ஜெயித்த வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தாள் எழுதுவேன். முதலில் தேதியைப் போடுவேன்.